பணமுடைக் காலத்தில் மொய்யும் சங்கமும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

வாணிபம் மந்தப்படும் காலம் எந்த நாட்டிற்கும் எந்தத் தொழிலுக்கும் வருவதே. பெரிய ஆலைகள் அக்காலத்தைச் சேமநிதியைக் கொண்டு கடந்துவிடுகின்றன. மாதச் சம்பளக்காரர் ஒருவாறு சமாளிக்கின்றனர். தறி ஒன்றை நம்பியிருக்கும் நெசவாளர், கால் ஏக்கரில் மல்லிகை பயிரிடுவோர், தையற்காரர், மின்பணியாளர், பந்தல் அமைப்பவர், சிற்றுண்டிக்கடை வைத்திருப்பவர், சொந்தச் சிறுவண்டியில் சுமை ஏற்றுபவர் ஆகியோருக்கு அத்தகைய சேமநிதி கிடையாது. அவர்களுடைய தொழிற்கணக்கும் வீட்டுக்கணக்கும் ஒரே பெட்டியிலிருப்பவை. இரண்டு மாதம் வேலை நின்றால் முதலில் நகை அடகுக்குப் போகிறது. அடுத்து ஆடுமாடு விலையாகிறது. இறுதியில் தொழிற்கருவியே கைவிட்டுப் போகிறது. கருவி போனபின் நல்ல காலம் திரும்பினாலும் அக்குடும்பம் கூலிக்குத்தான் போகவேண்டும். ஆகவே மந்த காலத்தில் நாம் காக்கவேண்டியது அவ்வருஷத்து இலாபத்தையன்று. கருவியையும் நிலத்தையும் நாணயத்தையும் காத்துக்கொண்டாற் போதும்.

இவற்றைக் காப்பதற்கு நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கைக்கெட்டிய துணைகள் யாவை, எதை எப்பொழுது நாடவேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. மந்தம் இருவகைப்படும்

கஷ்டகாலம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அதில் இருவகை உண்டு. ஒன்று, ஒரு குடும்பத்திற்கு மட்டும் வரும் கஷ்டம்: குடும்பத் தலைவர் நோயுறுதல், தறி பழுதாதல், ஆழ்குழாய்க் கிணறு வற்றுதல், வாங்கியவர் பணம் தராது இழுத்தடித்தல் போன்றவை. அச்சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகவே இருக்கிறார். அவரால் உதவ முடியும்.

மற்றொன்று, ஊருக்கே ஒருங்கே வரும் கஷ்டம்: புயல், வறட்சி, நூல் விலையேற்றம், ஊரடங்கு, விளைபொருள் விலைவீழ்ச்சி போன்றவை. அப்பொழுது கேட்பவர் வீட்டிலும் பணமில்லை, கேட்கப்படுபவர் வீட்டிலும் பணமில்லை.

முதல்வகைக் கஷ்டத்திற்கு ஊருக்குள்ளேயே மருந்துண்டு. இரண்டாம் வகைக்கு ஊருக்கு வெளியிலிருந்து பணம் வந்தாலன்றி விடிவில்லை. இவ்விரண்டையும் பகுத்தறியாமல் ஒரே துணையை எல்லாவற்றிற்கும் நம்பியிருப்பதே பல குடும்பங்கள் நிலைகுலைவதற்குக் காரணம். இதனை நம் மாவட்டத்தின் மொய் விருந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

2. மொய் விருந்து என்னும் ஏற்பாடு

ஆலங்குடி வட்டத்து வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம் முதலிய ஊர்களிலும், அவற்றை அடுத்த தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்துகள் நடைபெறுவதை நாம் அறிவோம். கலியாணமோ காதணி விழாவோ இல்லாமலே, மொய் பெறுவதையே நோக்கமாகக் கொண்டு அழைப்பிதழ் அச்சிட்டு, பந்தலிட்டு, ஆட்டுக்கறி விருந்து வைக்கப்படுகிறது. வந்தோர் உண்டபின் எழுதும் இடத்திற்குச் சென்று தம் ஊரும் பேரும் சொல்லித் தொகையைச் செலுத்துகின்றனர். எல்லாம் நோட்டில் ஏறுகிறது. அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் அத்தொகையைத் திருப்பிச் செய்வதோடு, தம் சக்திக்கேற்பக் கூடுதலாகவும் எழுதுகிறார். அக்கூடுதல் அவர் பேரில் புதிய மொய்யாக நிற்கிறது. ஒரு குடும்பத்திற்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் சுற்று வருகிறது. செலவைக் குறைக்கும் பொருட்டுப் பல குடும்பத்தார் ஒரே பந்தலில் சேர்ந்து விருந்து வைப்பதும் உண்டு.

இதனை வெறும் விருந்து என்று எண்ணுவது தவறு. பத்திரமில்லை, பிணையில்லை, வட்டியென்ற பேரில்லை. ஆயினும் பெருந்தொகை ஒரே நாளில் திரள்கிறது. ஆழ்குழாய்க் கிணறு வெட்டவும், கடை வைக்கவும், வண்டி வாங்கவும், பிள்ளைகளின் மேற்படிப்புக்கும், பழைய கடனை அடைக்கவும் இப்பணம் பயன்பட்டிருக்கிறது. கூட்டுறவின் ஆணிவேர்களாகிய பரஸ்பர நம்பிக்கையும், ஒருவரையொருவர் நேரில் அறிந்திருப்பதும், எழுத்துக் கணக்கும் இதில் உள்ளன. கூட்டுறவாளராகிய நாம் இதனை இகழாமல் கற்கவேண்டும்.

3. மொய்க்கும் விலையுண்டு

மொய்யை வட்டியில்லாக் கடன் என்பர். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஒரு கணக்கால் காண்போம். இது பாடத்திற்காக அமைத்த உதாரணமே.

ஒருவர் தனியே விருந்து வைக்கிறார். திரண்ட மொய் 6,00,000 ரூபாய். விருந்து, பந்தல், அழைப்பிதழ், எழுதுகூலி எல்லாம் சேர்த்துச் செலவு 1,00,000. கையில் நிற்பது 5,00,000. இந்த ஐந்து இலட்சமும் அவருடைய வருமானமா? இல்லை. திரண்ட ஆறு இலட்சத்தில் 2,50,000 ரூபாய் அவர் முன்பு பிறருக்குச் செய்தது திரும்பி வந்தது. அஃது அவருடைய சேமிப்பு. எஞ்சிய 3,50,000 ரூபாய் புதிய மொய். அஃது அவர் திருப்பிச் செய்யவேண்டிய கடன். ஐந்தாண்டுகளில் சமமாகத் திருப்புவதானால் ஆண்டுக்கு 70,000. மாதத்திற்கு ஏறக்குறைய 5,830 ரூபாய் ஒதுக்கவேண்டும்.

இனி விருந்துச் செலவைக் கவனிப்போம். ஒரு இலட்சத்தை ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 20,000. கடன் படிப்படியாகக் குறைந்து வருவதால், ஐந்தாண்டுகளிலும் அவர் கையிலிருந்த புதிய மொய் சராசரியாக 1,75,000 ரூபாய் என்று கொள்ளலாம். அதன்மேல் ஆண்டுக்கு 20,000 என்பது நூற்றுக்குப் பதினொன்றுக்கும் சற்று மேல். ஆகவே வட்டி என்ற பேர் இல்லையேயொழிய, அதற்குரிய செலவு இருக்கவே செய்கிறது. பல குடும்பத்தார் சேர்ந்து பந்தலிட்டு ஒருவர் பங்கிற்கு 40,000 மட்டும் செலவானால், இதே கணக்கில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகிவிடுகிறது. கூட்டுப் பந்தல் என்னும் வழக்கத்தின் பொருளாதாரச் சிறப்பு இதுவே.

திருப்பும்போது எழுதும் கூடுதலை வட்டியென்று கருதவேண்டியதில்லை. அது நமக்கு வரவேண்டிய மொய்யாகப் பின்னர்த் திரும்பும். ஆனால் அந்தந்த ஆண்டில் அதற்கும் கையில் பணம் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

இதைவிட முக்கியமான குணம் ஒன்றுண்டு. சங்கக் கடனுக்குத் தவணை நாள் முன்கூட்டியே தெரியும். பயிர்க்கடனுக்கு அது அறுவடையை ஒட்டியே அமைகிறது. மொய்க்கோ தவணை நாளைக் குறிப்பவர் நாமல்லர். நமக்கு மொய் எழுதியவர் எப்பொழுது விருந்து வைக்கிறாரோ அதுவே தவணை. அவ்வாண்டு நமக்கு விளைச்சல் இருந்ததா, வேலை இருந்ததா என்று அந்த அழைப்பிதழ் கேட்பதில்லை.

4. இரண்டு சோதனைகள்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. அதன் உக்கிரம் உள்நாட்டிலும் குறையவில்லை. நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், மொய் விருந்திற்குப் பேர்போன அதே ஊர்களில், தென்னையும் பலாவும் வாழையும் மலர்த்தோட்டங்களும் சாய்ந்தன. மின்கம்பங்கள் வீழ்ந்தமையால் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தோப்பு இல்லாத தையற்காரரும் பட்டறைக்காரரும் மாவு மில்காரரும் அதனால் வேலையிழந்தனர்.

தோப்பை இழந்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். நெட்டை இரகத் தென்னங்கன்றை நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். மொய்யின் சுற்றோ ஐந்தாண்டு. அதாவது, புதிதாக நட்ட கன்று முதற்பாளை விடுமுன்பே பழைய மொய் முழுவதும் திரும்பக் கேட்டு நிற்கும். மரம் வீழ்ந்தது; ஆனால் மரம் இருந்த காலத்து வருமானத்தை நம்பி ஏற்ற மொய் வீழவில்லை. சுற்றியுள்ள ஊர்களெல்லாம் ஒரே புயலில் அடிபட்டவை. ஆதலால், நமக்கு வரவேண்டியதைக் கொடுக்கவேண்டியவரும் நம்மைப் போன்றே நின்றார்.

அதிலிருந்து மீளுமுன் இரண்டாவது சோதனை வந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கூட்டங்களுக்குத் தடையிருந்தமையால் அவ்வாண்டு ஆடியில் விருந்துகள் வழக்கம்போல் நடைபெற இயலவில்லை. விருந்து நின்றால் மொய் மட்டும் நிற்பதில்லை. பந்தல் அமைப்பவர், சமையற்காரர், அச்சகத்தார், ஆடு வளர்ப்போர், பாத்திரம் வாடகைக்குத் தருவோர், பூக்கட்டுவோர், ஒலிபெருக்கிக்காரர் ஆகிய அனைவர் பிழைப்பும் நிற்கிறது. பணம் சுற்றும் வழியும் அடைபட்டு, அச்சுற்றை நம்பிய வேலையும் ஒழிந்தது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், மொய் ஒரு நல்ல சகடை. பத்துப் பேரில் ஒருவர் கிணறு வற்றினால் ஒன்பது பேர் அவருக்கு இறைப்பர். பத்துக் கிணறுகளும் ஒருங்கே வற்றினால் சகடை சுழன்றும் நீர் வாராது. அது மொய்யின் குற்றமன்று. அதன் எல்லை அவ்வளவே.

அந்த எல்லையை அறியாதவர் என்ன செய்கிறார்? மொய் திருப்பாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றஞ்சி வெளியில் ஐந்து வட்டிக்குக் கடன் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் ஆண்டிற்கு அறுபது. 50,000 ரூபாய் மொய்யைத் திருப்ப ஆண்டுக்கு 30,000 ரூபாய் வட்டி! மானத்தைக் காக்கப் போய் தறியையும் தோட்டத்தையும் இழக்கும் வழி இதுவே. இத்தகைய கொள்ளை வட்டியைத் தடைசெய்யத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆயினும் சட்டத்தை நாடும் நிலை வருமுன்பே வேறு வழி தேடுவது அறிவுடைமை.

5. சங்கம் மேலே இணைக்கப்பட்ட காரணம்

இதே சிக்கலை ஜெர்மனி தேசத்தில் ரெய்பைசன் என்ற பெரியார் சந்தித்தார். 1846-47-இன் பஞ்சகாலத்தில் வையர்புஷ் என்னும் ஊரில் நிருவாகத் தலைவராயிருந்த அவர், ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க ஒரு சங்கம் கண்டார். பின்னர் 1864-இல் ஹெட்டஸ்டார்பில், உதவி பெறுவோரே அங்கத்தினராகவும் பொறுப்பாளிகளாகவும் இருக்கும் கடன் சங்கத்தை நிறுவினார். கிராமச் சங்கங்கள் பல தோன்றியபின் ஓர் உண்மை புலப்பட்டது: ஒரு கிராமத்தில் பணம் தேங்கிக் கிடக்கும்போது மற்றொன்றில் முடையாயிருக்கிறது, ஒரு பகுதி முழுவதும் விளைச்சல் பொய்த்தால் அங்குள்ள சங்கம் தனித்து நிற்க முடிவதில்லை. ஆகவே சங்கங்களை ஒன்றிணைத்து 1872-இல் நாய்வீடு நகரில் மத்திய வங்கி காணப்பட்டது.

அம்முறைகளை ஆராய்ந்து சென்னை மாகாணத்திற்கு அறிக்கை தந்தவர் சர் பிரடரிக் நிக்கல்சன். அவர் அறிக்கை 1895-லும் 1897-லும் இரு பாகங்களாக வந்தது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டு, அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் பதிவாயிற்று. மறு ஆண்டே, 1905-இல், சென்னையில் தோன்றிய மத்திய வங்கியே இன்று தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாக விளங்குகிறது.

இன்று நம் ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். அதற்கு மேல் புதுக்கோட்டை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி. அதற்கும் மேல் மாநிலத் தலைமை வங்கி. அதற்கு மறுநிதி உதவ 1982-இல் தோன்றிய நபார்டு வங்கி. இந்த மூன்றடுக்கின் தத்துவம் யாது? கீரமங்கலத்தில் புயலடித்தபொழுது தருமபுரியில் புயலில்லை. புயலில்லாத ஊர்களில் வைப்பாக இருக்கும் பணம், அடிபட்ட ஊருக்கு வந்துசேர ஒரு வாய்க்கால் வேண்டும். அவ்வாய்க்கால்தான் கூட்டுறவு இணைப்பு. மொய்யிடம் இல்லாததும் சங்கத்திடம் இருப்பதும் இதுவே.

இன்னொரு நன்மையும் உண்டு. இயற்கைச் சேதம் என்று அரசு முறைப்படி அறிவித்த இடங்களில், குறுகிய காலப் பயிர்க்கடனை மத்தியகாலக் கடனாக மாற்றித் தவணையை நீட்டிக்க விதிகளில் இடமிருக்கிறது. மொய் நோட்டில் அத்தகைய விதி ஏதும் கிடையாது.

நெசவாளர் வரலாறும் இதையே கூறுகிறது. 1929-இல் தொடங்கிய உலக மந்தத்தின் பின்விளைவுகள் நீங்காதிருந்த 1935-இல்தான், தனித்தனியே தவித்த நெசவாளர் சங்கங்களுக்குப் பொதுவான விற்பனை அமைப்பாக இன்று கோ-ஆப்டெக்ஸ் எனப்படும் தலைமைச் சங்கம் தோன்றியது. ஓர் ஊர்த் தறியின் சேலை அந்த ஊரிலேயே விலைபோகாதபொழுது வேற்றூரில் விலைபோகச் செய்வதே அதன் வேலை.

6. எந்த முடைக்கு எந்தத் துணை?

முடை வந்தவுடன் கடன் தேடுவது இயல்பு. அதற்கு முன் முடையின் காரணத்தைக் கேட்டறியவேண்டும். காரணத்திற்கேற்பத் துணையும் வேறுபடும்.

(அ) விற்ற பொருளுக்குப் பணம் வரவில்லை எனில், அதற்குக் கடன் வாங்குவது இரட்டை நட்டம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை அளிப்போருக்கும், சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்டவர் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களே. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டி, தரவேண்டும். இதற்கென வழக்குத் தீர்வு மன்றங்கள் உள்ளன. இந்த உரிமை வேண்டுமானால் முன்னதாகவே உத்யம் பதிவு செய்திருக்கவேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள இப்பதிவிற்குக் கட்டணமில்லை. தையற்கூடம், அச்சகம், பட்டறை, வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதுவோர், படம் எடுப்போர் ஆகியோரும் பதியலாம். மாவட்டத் தொழில் மையத்தில் வழிகாட்டுவர்.

(ஆ) விலை வீழ்ந்து விற்க மனமில்லை எனில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் நிலக்கடலை, பயறு, நெல் முதலியவற்றை இருப்பு வைத்து, அதன்மேல் பொருளீட்டுக் கடன் பெற்று விலை ஏறும்வரை காத்திருக்கலாம். காயும் பூவும் காத்திருக்கமாட்டா. காய்கறிக்கு உழவர் சந்தை உண்டு. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய அத்திட்டம் இடைத்தரகின்றி விற்க வழிசெய்கிறது. மாற்றுப்பயிர், மதிப்புக்கூட்டல், விதை ஆகியன பற்றிய ஆலோசனைக்கு வம்பனில் வேளாண் அறிவியல் நிலையமும் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கடனுக்கு முன் ஆலோசனை கேட்பது செலவில்லாத துணை.

(இ) சாகுபடிக்கு முதல் இல்லை எனில், சங்கப் பயிர்க்கடனுக்கு நிகரானது வேறில்லை. உரிய காலத்தில் திருப்புவோர்க்கு வட்டியை அரசே ஏற்கிறது. உண்மையான வட்டியில்லாக் கடன் இதுதான். ஆனால் ‘உரிய காலம்’ என்ற நிபந்தனையை ஒருநாளும் மறவற்க.

(ஈ) சிறுகடைக்கும் கைத்தொழிலுக்கும் நடைமுறை முதல் இல்லை எனில், சங்கத்திலும் மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் சிறுவணிகக் கடன், நகைக் கடன், மகளிர் குழுக் கடன் ஆகியன உண்டு. 2015-இல் தொடங்கிய முத்ரா கடன்களில் முதற்படி 50,000 ரூபாய் வரை. ஊரடங்கினால் நொடித்த தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் பி.எம். ஸ்வநிதி திட்டம் முதற்கடன் 10,000 ரூபாய் என்று தொடங்கிற்று. ஒழுங்காகத் திருப்புவோர்க்கு அடுத்த கடன் கூடுதலாகும் என்பது அதன் முறை. நகையை அடகு வைக்கவேண்டியிருப்பின் சங்கத்தில் வைப்பதே நலம். தனியாரிடம் அவசரமாக வைத்து மீட்க முடியாமற் போன நகைகள் எத்தனை என்பதை ஒவ்வொரு வீடும் அறியும்.

(உ) தறி வேலை குறைந்தது எனில், நெசவாளர் சங்க அங்கத்தினர்க்குச் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஈட்டும் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா நெசவாளர் செலுத்த, அரசு 4 பைசா சேர்க்கிறது. சிறு தொகையே எனினும் வேலையுள்ள நாளிலேயே பிடித்துவைக்கப்படுவதால் இல்லாத நாளில் கையில் நிற்கிறது. சங்கத்தின் மூலமாக அன்றித் தனி வியாபாரிக்கு நெய்வோர் இந்நன்மையை இழக்கின்றனர்.

(ஊ) உடைமையே அழிந்தது எனில், கடன் மட்டும் மருந்தாகாது, காப்பீடே மருந்து. கஜா புயலுக்குப்பின் அரசு வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதனை அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. தென்னை வளர்ச்சி வாரியம் வகுத்த தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தில், 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்திற்கு ஆண்டுக் கட்டணம் 14 ரூபாய். காப்புத் தொகை 1,750 ரூபாய். கட்டணத்தில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, விவசாயி தரவேண்டியது மரத்திற்கு மூன்றரை ரூபாயே. நூறு மரத்திற்கு 350 ரூபாய். ஒரு மொய் விருந்தில் நாம் எழுதும் தொகையிலும் குறைவு! அரசு உதவி வருமா வராதா என்பது நம் கையில் இல்லை; காப்பீடு செய்வது நம் கையில் இருக்கிறது. நிபந்தனைகளையும் நடப்பாண்டு விவரத்தையும் வேளாண்மை அலுவலகத்தில் கேட்டறிக.

7. தவணை ஒத்திவைப்பு தள்ளுபடியன்று

ஓர் எச்சரிக்கை கூறவேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பலர் அதனைத் தள்ளுபடி என்று எண்ணிவிட்டனர். ஒத்திவைத்த காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு இலட்ச ரூபாய்க்கு நூற்றுக்கு 12 வீதம் ஆறு மாத வட்டி 6,000 ரூபாய். கையில் பணமே இல்லாதவர்க்கு ஒத்திவைப்பு உயிர்காத்தது, அதில் தவறில்லை. பணம் இருந்தும் ஒத்திவைத்தவர் வீணே வட்டிச்சுமை ஏற்றார். சலுகை வரும்போது, “இது எனக்கு வேண்டுமா? இதன் விலை யாது?” என்னும் இரு கேள்விகளையும் கேட்டே ஏற்கவேண்டும்.

8. நல்ல காலத்தில் செய்யத்தக்கவை

மழைக்கு முன்பே கூரை வேயவேண்டும். மந்தம் வந்தபின் அலுவலகம் அலுவலகமாக அலைவோரில் பெரும்பாலோர்க்குக் குறைவது தகுதியன்று, காகிதமே. ஆகவே பின்வருவனவற்றைப் பணப்புழக்கமுள்ள காலத்திலேயே செய்துவைக்க.

முதலாவது, மொய் நோட்டைப் பகுத்தெழுதுக. வரவேண்டியது ஒரு பக்கம், திருப்பவேண்டியது மறுபக்கம். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் இரண்டையும் கூட்டிப் பார்த்து, வரும் ஆடியில் எவ்வளவு தேவை என்று கணக்கிடுக. திரண்ட மொய்ப் பணத்தில் ஓராண்டுத் திருப்புத் தொகையைச் சங்கத்தில் வைப்பாகப் போட்டுவிட்டு, எஞ்சியதையே தொழிலில் இடுக. மேற்கூறிய உதாரணத்தில் அது 70,000 ரூபாய். புயலோ ஊரடங்கோ வரும் ஆண்டில், ஐந்து வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் காப்பது இந்த வைப்பே.

இரண்டாவது, மொய்ப் பணத்தை எதிலிடுவது என்பதில் விவேகம் வேண்டும். ஐந்தாண்டுக்குள் பலன்தரும் கிணறு, தையற்பொறி, கறவைமாடு, சரக்கு முதலியவற்றிற்கு மொய் பொருந்தும். ஏழாண்டு காத்திருக்கவேண்டிய தோப்புக்கு நீண்டகாலக் கடனே பொருந்தும். தோப்புக்கு மொய்யை இட்டால் ஊடுபயிர் வருமானம் உறுதியாயிருக்கவேண்டும்.

மூன்றாவது, தொழில் வரவுசெலவைத் தனி நோட்டில் நாள்தோறும் எழுதுக. கடன் கேட்கும்போது வங்கியார் வினவுவதற்கும், காப்பீடு கோரும்போது அதிகாரி வினவுவதற்கும் அதுவே விடை. பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், உத்யம் சான்று ஆகியவற்றின் பிரதிகளை ஒரே உறையில் வைத்திருக்க. மரங்களின் எண்ணிக்கையும் தறி, இயந்திரங்களின் விவரமும் அதில் சேர்க.

நான்காவது, சங்கத்தில் பங்கு வைத்திருந்தும் பல ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல் இல்லாத அங்கத்தினர், சிறு கடனாயினும் பெற்று உரிய நாளில் திருப்பித் தம் பேரை நிலைநாட்டிக் கொள்க. முடைநாளில் புதிய முகத்தை எந்த வங்கியும் எளிதில் நம்புவதில்லை.

ஐந்தாவது, ஊர்ச்சபையாரும் விருந்து வைப்போரும் கூடி ஒரு வழக்கத்தை உண்டாக்கலாம். ஊர் முழுதும் சேதமுற்ற ஆண்டில் திருப்பும் மொய்க்கு ஓராண்டு பொறுப்பது என்று முன்னதாகவே பேசி முடிவு செய்தால், யாருக்கும் மானக்குறைவில்லை. சங்கம் எழுத்து விதியாக வைத்திருக்கும் அதே நியாயம் மொய்க்கும் வாய் ஒப்பந்தமாக அமையும்.

மொய்யா, சங்கமா என்று ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளவேண்டிய அவசியம் இல்லை. தனிக்குடும்பத்தின் முடைக்கு அண்டை அயலார் கைகொடுப்பர். ஊர் முழுதும் முடைப்படும்போது வேற்றூர்ப் பணத்தைக் கொண்டுவர சங்கமும் காப்பீடும் வேண்டும். இரண்டிலும் நாணயமாக நடந்துகொண்ட குடும்பத்திற்கு, மந்தம் வந்தாலும் தறியும் தோட்டமும் மிஞ்சும்.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் ஊரில் சென்ற பத்தாண்டுகளில் வந்த பணமுடைகளுள் எவை தனிக் குடும்பத்தைச் சார்ந்தவை? எவை ஊர் முழுவதையும் சார்ந்தவை?

2. நீங்கள் வைத்த அல்லது பங்குகொண்ட மொய் விருந்தின் செலவைக் கணக்கிட்டு, புதிய மொய்யின் மீது அது நூற்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று காண்க.

3. நம் சங்க அங்கத்தினருள் பயிருக்கோ மரத்திற்கோ தறிக்கோ காப்பீடு செய்திருப்பவர் எத்தனை பேர்? ஏனையோர் செய்யாமைக்குக் காரணம் என்ன?

4. விற்ற பொருளுக்கு அல்லது செய்த வேலைக்கு 45 நாட்களுக்கு மேல் வாராமல் நிற்கும் தொகை எவ்வளவு? அதனைப் பெறச் சங்கம் எவ்வாறு துணை நிற்கலாம்?

5. ஊர் முழுதும் சேதமுற்ற ஆண்டில் மொய் திருப்புவதை ஓராண்டு ஒத்திவைப்பது பற்றி நம் ஊரார் கருத்து என்ன?